அடிக்கணக்கும் அமானிதமும்

முல்லைப் பெரியாற்றில் இன்று எத்தனை அடி? ராசிங்காபுரத்துத் தேநீர்க் கடையில் செய்தித்தாள் விரிந்ததும் எழும் முதல் வினா இதுவே. வினவுவது தவறன்று. 1979-இல் 152 அடியிலிருந்து 136 அடிக்கு இறக்கப்பட்ட நீர்மட்டம், 2014 மே மாதத்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 142 அடியாயிற்று. அவ்வுரிமையை நாம் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

ஆயினும் அடிக்கணக்கே நீர்க்கணக்கு ஆகிவிடாது. அவ்வணையில் 104 அடிக்குக் கீழுள்ள நீர் சுரங்க வழியே நம் பக்கம் வாராது. பெரியாற்று நீரையும் ஏற்கும் வைகை அணையில், 71 அடி என்னும் குறி 1959-இல் இருந்தபடியே இருக்கிறது. வண்டல் படிந்தமையால், அதே குறியில் நிற்கும் நீரோ குறைந்துவிட்டது.

நம் கண்மாய்களின் கதையும் இதுவே. வரத்து ஓடையில் குப்பை, கரையில் சீமைக்கருவை, நீர் நிற்கவேண்டிய இடத்தில் தென்னங்கன்று! பதினெட்டாம் கால்வாய் நீரைக் கொணர்ந்தாலும் அது தங்குவது எங்கே? அயல் மாநிலத்தார் ஓர் அடியைத் தடுத்தால் கொதிக்கின்றோம். நம்மவர் ஓடையை அடைத்தாலோ, "அவர் ஜமாஅத்துப் பெரியவராயிற்றே" என்று வாய்மூடுகின்றோம். இது நீதியா?

நீரில் மக்கள் அனைவருக்கும் பங்குண்டு என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய நெறி. ஓடும் ஆற்றில் உளூச் செய்யும்போதும் வீண்விரயத்தைத் தடுத்தார்கள் அவர்கள். கண்மாய் நம் உடைமையன்று. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

ஐப்பசி மழைக்கு முன் ஜமாஅத்தார் கூடட்டும். முதலில் தம்மவர் ஆக்கிரமிப்பை அகற்றட்டும். பிறகு ஊராருடன் சேர்ந்து தூர் வாரட்டும். அதன்பின் 152 அடியையும் கேட்போம். அப்போதுதான் நம் குரலுக்கு வலிமை இருக்கும்.