சூடு அளவைத் திருத்தாது: பிள்ளைகளின் சறுக்குக் காலணி பற்றி ஒரு கருத்து



புதிய பள்ளியாண்டு நெருங்கும்போது நம் ஊர்க் காலணிக் கடைகளில் தவறாமல் ஒலிக்கும் குரல் ஒன்று உண்டு. “ஓர் அளவு பெரிதாகவே கொடுங்கள். அடுத்த ஆண்டுக்கும் ஆகட்டும்.” மூன்று நான்கு பிள்ளைகளைப் படிக்க வைக்கும் குடும்பத்துக்கு இது சிக்கனம். இதனைக் குறை கூறும் எண்ணம் எனக்கு இல்லை. பள்ளிக்குப் போடும் கருப்புக் காலணி சற்றுப் பெரிதாக இருந்தால், நுனியில் கொஞ்சம் பஞ்சை அடைத்துக்கொண்டு பிள்ளை எப்படியோ நடந்துவிடும். ஆனால், அதே வழக்கத்தைப் பனித்தரை ஹாக்கிக்கான சறுக்குக் காலணிக்கும் கொண்டு செல்கிறோமே, அதைப் பற்றித்தான் இன்று எழுத விழைகிறேன்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கும் பனித்தரை ஹாக்கிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். தொடர்பு உண்டு. சன்வே பிரமிட் பேரங்காடியில் 1997-ஆம் ஆண்டிலேயே பனிச்சறுக்குத் தளம் திறக்கப்பட்டுவிட்டது. 2017-இல் கோலாலம்பூரில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில்தான் பனித்தரை ஹாக்கி முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. 2018-இல் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் நம் நாடு முதன்முறையாகக் கலந்துகொண்டது. வெயில் கொளுத்தும் இந்த மண்ணிலும் நம் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். என்னிடம் படித்துச் சென்ற மாணவர் சிலரும் அவர்களுள் அடக்கம். அவர்களின் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “சார், சூடாக்கினால் காலுக்கேற்ப வளையும் காலணி என்கிறார்களே, அதை வாங்கிவிட்டால் அளவுச் சிக்கல் தீர்ந்துவிடுமா?”

தீராது என்பதே என் விடை. ஏன் தீராது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சூடு என்ன செய்யும்?

பழைய காலத்துச் சறுக்குக் காலணிகள் தோலால் ஆனவை. பல வாரங்கள் வலியோடு போட்டுப் பழகினால் தோல் மெல்ல இளகிக் காலுக்கு இணங்கும். இன்றைய காலணிகள் அப்படியல்ல. வேகமான ஆட்டத்திற்கு ஈடுகொடுக்கவும், பந்துக்குப் பதிலாக ஆடப்படும் கெட்டியான ரப்பர் வட்டு காலில் மோதினால் தாங்கவும், கரியிழை முதலிய கலவைப் பொருள்களால் அவற்றை விறைப்பாகச் செய்கிறார்கள். அந்த விறைப்பு எளிதில் பழகாது. ஆகவேதான் வெப்பத்தின் துணை தேவைப்படுகிறது.

கடையில் இதற்கெனவே ஒரு சிறு அடுப்பு இருக்கும். ஏறத்தாழ 80 முதல் 90 பாகை செல்சியஸ் சூட்டில் சில நிமிடங்கள் காலணியை வைத்து எடுப்பார்கள். இளகிய காலணிக்குள் பிள்ளை காலை நுழைத்து, குதிகாலைப் பின்னுக்குத் தட்டி அமர்த்த வேண்டும். பிறகு கயிற்றை இறுக்கிக்கொண்டு, முழங்காலை மடக்கிய நிலையில் 10, 15 நிமிடங்கள் அசையாமல் அமர்ந்திருக்க வேண்டும். எழுந்து நடக்கக் கூடாது. கயிற்றை மேல்நோக்கி இழுக்காமல் பக்கவாட்டில் இழுப்பது நல்லது. ஏனெனில் சூடாக இருக்கும்போது துளை வளையங்கள் பிய்ந்து வரக்கூடும். காலணி ஆறிய பிறகும் ஒரு நாள் விட்டுவிட்டுத்தான் பனியில் இறங்க வேண்டும்.

இவ்வளவும் செய்தால் என்ன கிடைக்கும்? கணுக்கால் எலும்பைச் சுற்றியும் குதிகாலைச் சுற்றியும் காலணி ஒட்டி அணைத்துக்கொள்ளும். அகலத்தில் சிறிதளவு நெகிழ்வு கிடைக்கும். அவ்வளவுதான். வழக்கமான காலணியின் நீளம் சூட்டால் மாறாது. விரல்களைக் காக்கும் முன்மூடி கெட்டியான நெகிழியால் ஆனது. அதுவும் அசையாது. இரண்டு அளவு பெரிய காலணியை அடுப்பில் வைத்து எடுத்தால் கிடைப்பது, வளைந்து கொடுத்த, இரண்டு அளவு பெரிய காலணியே!

அடுப்புக்கு முன் அளவுகோல்

என் தங்கை குடும்பத்தார் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் வசிக்கிறார்கள். இந்த விளையாட்டின் தாய்வீடு அந்நாடுதான். பள்ளி விடுமுறை ஒன்றில் அங்குச் சென்றிருந்தபோது, தங்கை மகனுக்குக் காலணி வாங்க நானும் உடன் சென்றேன். கடைக்காரர் ஒரு முதியவர். அடுப்பின் பக்கம் அவர் செலவிட்ட நேரம் மிகக் குறைவு. காலை அளப்பதிலும், தொட்டுப் பார்ப்பதிலும், பையனிடம் கேள்வி கேட்பதிலுமே பெரும்பொழுதைச் செலவிட்டார். அவர் செய்தவற்றுள் நாமும் செய்யக்கூடியவற்றை வரிசைப்படுத்துகிறேன்.

முதலாவது, இரண்டு கால்களையும் நிற்க வைத்து அளப்பது. உட்கார்ந்திருக்கும்போது கால் சற்றுக் குறுகித் தெரியும். ஒரு கால் மற்றதை விடப் பெரிதாக இருப்பதும் இயல்பே. அமெரிக்காவில் சார்லஸ் பிரானாக் என்பவர் 1920களில் உருவாக்கிய உலோக அளவுகருவி இன்றும் புழக்கத்தில் உள்ளது. அது நீளத்தை மட்டும் அளப்பதில்லை. அகலத்தையும், குதிகாலிலிருந்து பெருவிரலின் அடிமூட்டு வரை உள்ள தொலைவையும் சேர்த்தே அளக்கிறது. கருவி இல்லாவிட்டால் தாளில் காலை வரைந்து சென்டிமீட்டரில் அளந்துகொள்ளலாம்.

இரண்டாவது, சறுக்குக் காலணியின் எண் அன்றாடக் காலணியின் எண் அன்று. பொதுவாக, அமெரிக்க அளவில் ஒன்று அல்லது ஒன்றரை எண் குறைவாகவே வரும். நம் நாட்டுக் கடைகளில் பிரிட்டிஷ் எண்ணும் ஐரோப்பிய எண்ணும் கலந்து கிடக்கின்றன. பள்ளிக் காலணியின் எண்ணை வைத்துக்கொண்டு இணையத்தில் சறுக்குக் காலணி வாங்குவோர் குழப்பமடைவது இதனால்தான்.

மூன்றாவது, நீளம் மட்டுமன்றி வடிவமும் பொருந்த வேண்டும். ஒரே நீளமுள்ள இரு கால்களில் ஒன்று மெலிந்தும் மற்றது தடித்தும் இருக்கலாம். பவர் நிறுவனம் இதற்காகவே ஒரே எண்ணில் மூன்று வடிவங்களைத் தருகிறது. சிசிஎம் நிறுவனமும் குறுகியது, வழக்கமானது, அகலமானது எனப் பிரித்துத் தருகிறது. இதனைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. கயிற்றைக் கட்டாமல் குதிகாலைப் பின்னுக்குத் தள்ளி அமர்த்திவிட்டு, மேலிருந்து மூன்றாவது துளைகளின் குறுக்கே ஒரு பென்சிலை வையுங்கள். பென்சில் இருபக்க விளிம்புகளிலும் படியாமல் பாதத்தின் மேற்புறத்தில் இடித்தால், அந்தக் காலணி அக்காலுக்கு ஆழம் போதாது. கயிறு நரம்பை அழுத்தி வலியுண்டாக்கும். எவ்வளவு சூடாக்கினாலும் அந்த ஆழம் கூடாது.

நான்காவது, விரல் நுனி. மெல்லிய காலுறையோடு நேராக நிற்கும்போது விரல்கள் முன்மூடியை இலேசாகத் தீண்ட வேண்டும். ஆடும்போது நிற்பது போல முழங்காலை மடக்கினால் விரல்கள் சற்றே பின்வாங்க வேண்டும். குதிகால் மட்டும் எந்நிலையிலும் மேலெழும்பக் கூடாது.

இந்த நான்கும் சரியாக அமைந்த பிறகுதான் அடுப்பு. வரிசையை மாற்றினால் பயனில்லை.

பெரிய காலணி பறிப்பது எதை?

“கொஞ்சம் பெரிதாக இருந்தால் என்ன சார், இறுக்கிக் கட்டிக்கொள்ளலாமே?” என்பார் சிலர். எண்ணிப் பாருங்கள். சறுக்குபவனின் முழு உடல் எடையும் மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள எஃகுத் தகட்டின் மீது நிற்கிறது. கால் உள்ளே அசைந்தால், காலின் கட்டளை தகட்டுக்குப் போய்ச் சேராது. பிள்ளை விரல்களை மடக்கிக் காலணியைப் பற்றிக்கொள்ள முயலும். கயிற்றை மேலும் மேலும் இறுக்கும். உள்ளங்கால் பிடித்துக்கொள்ளும், கால் மரத்துப்போகும், குதிகாலில் கொப்புளம் எழும்பும். கணுக்கால் உட்பக்கமாகச் சாயும்.

அவ்வாறு சாயும் கணுக்காலைப் பார்த்துப் பெரியவர்கள் ஒரு தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்: “இவனுக்குக் கணுக்காலில் வலுவில்லை.”

என் பழைய மாணவன் ஒருவனுக்கு இதுதான் நேர்ந்தது. பத்து வயது. தந்தை கடன் வாங்கி, இணையவழியில் விலையுயர்ந்த சறுக்குக் காலணி தருவித்தார். இரண்டு ஆண்டுக்கு ஆகட்டும் என்று இரண்டு எண் கூட்டியே வாங்கினார். பின்னர் பணம் கொடுத்துச் சூடாக்கியும் கொண்டார். ஆறு மாதம் கழித்துப் பையன் என்னிடம் சொன்னது, “எனக்கு இது வராது சார்” என்பதுதான். அவனைக் குறை சொன்னவர்களில் ஒருவர்கூட அவன் காலணிக்குள் ஒரு விரலை விட்டுப் பார்க்கவில்லை. பிறகு, மூத்த மாணவர் ஒருவர் கழித்துப் போட்ட பழைய காலணி அவன் காலுக்குச் சரியாக அமைந்தது. அவன் முதல்நாளே வீரனாகிவிடவில்லை. ஆனால் அவன் கணுக்கால் நிமிர்ந்து நின்றது. ‘வராது’ என்ற சொல் அவன் வாயிலிருந்து அதன்பின் வரவில்லை.

ஆசிரிய நண்பர்களே, நமக்கும் இதில் பாடம் உண்டு. ஒரு பிள்ளை தடுமாறினால் குறை பிள்ளையிடத்தே என்று முடிவு கட்டுவது எளிது. அவன் காலில் மாட்டியிருப்பது என்ன என்று குனிந்து பார்ப்பது கடினம். திடலோட்டத்திலும் இதே கதைதான். கடைசியாக ஓடி வரும் பிள்ளையின் காலணியை ஒருமுறை பாருங்கள்.

அப்படியானால் செலவு?

பெற்றோரின் கவலை நியாயமானதே. வளரும் கால் ஓரிடத்தில் நிற்பதில்லை. உயர்தரச் சறுக்குக் காலணி ஒரு சோடி ஆயிரம் அமெரிக்க டாலரைத் தாண்டும். யாரால் ஆண்டுதோறும் வாங்க முடியும்?

இங்கேதான் என் கருத்தைச் சற்று அழுத்தமாகவே கூற விரும்புகிறேன். வளரும் பிள்ளைக்கு, காலை அளந்து தனியே செய்து தரும் காலணி தேவையே இல்லை. அது கால் வளர்ந்து முடிந்தவர்களுக்கு உரியது. கனடா நாட்டு வேகச் சறுக்கு வீரராக இருந்த ஸ்காட் வான் ஹோர்ன் வின்னிபெக் நகரில் அத்தகைய காலணிகளைச் செய்து பெயர் பெற்றவர். 2016-இல் ட்ரூ நிறுவனம் அவருடைய தொழிலை வாங்கிக்கொண்டது. ஒரே கூடாக வார்க்கப்பட்டு, சூட்டில் கால் முழுவதையும் சுற்றி அணைக்கும் அவ்வகைக் காலணி அருமையானதுதான். நாளெல்லாம் பனியில் நிற்கும் தொழில்முறை ஆட்டக்காரருக்கு அது தகும். அடுத்த ஆண்டே கால் வளர்ந்துவிடும் பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தச் செலவு வீண்.

அவனுக்கு வேண்டியது, அவன் கால் வடிவத்துக்கு ஏற்ற நடுத்தர விலைக் காலணி. வளர்ச்சிக்கென அரை எண் மட்டும் கூட்டலாம். கால் விரல்களை முன்னே தள்ளி நிற்கும்போது குதிகாலுக்குப் பின்னால் உங்கள் ஒரு விரல் நுழைந்தால் போதும். இரண்டு விரல் நுழைந்தால் அது பெரிது. நல்ல நிலையில் உள்ள பழைய காலணியை வாங்குவதும் இழுக்கன்று. பிள்ளைகளின் காலணி தேயுமுன்பே சிறிதாகிவிடுவதால், ஒருவர் விட்டது மற்றவருக்கு உதவும். சறுக்குத் தளத்துக்கு வரும் பெற்றோர்கள் கூடிப் பேசி, காலணிகளை மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டைத் தொடங்கினால் எல்லாருக்கும் மிச்சம்.

வீட்டு அடுப்பில் சூடாக்கும் வேலை மட்டும் வேண்டா. அதன் சூடு ஒரே சீராக இராது. ஒரு பக்கம் கருகினால் பசை விட்டுப்போகும். முறையாகச் சூடாக்கிய பின்னும் ஓரிடத்தில் மட்டும் எலும்பு இடித்தால், அவ்விடத்தை மட்டும் வெளித்தள்ளித் தரும் கருவி கடைகளில் உண்டு. அதைக் கேளுங்கள். மீண்டும் மீண்டும் அடுப்பில் வைக்காதீர்கள்.

நிறைவாக ஒன்று. காலணி வாங்கும்போது விலைச்சீட்டைப் பார்க்கிறோம், நிறுவனத்தின் பெயரைப் பார்க்கிறோம், விற்பவரின் பேச்சைக் கேட்கிறோம். அந்தக் காலுக்கு உரிய பிள்ளையைக் கேட்கிறோமா? “எங்கே இடிக்கிறது? குதிகால் ஆடுகிறதா? விரலை மடக்கி வைத்திருக்கிறாயா?” என்று பொறுமையாகக் கேட்டால் பிள்ளை சொல்லும். “போட்டுப் போட்டுப் பழகிவிடும், பேசாமல் இரு” என்று வாயடைத்துவிட்டால், அடுத்த முறை வலித்தாலும் சொல்லாது.

செருப்புக்காகக் காலை வெட்டுவதா என்பது நம் முன்னோர் கேட்ட கேள்வி. அடுத்த ஆண்டுக் காலுக்காக இந்த ஆண்டுக் காலை வருத்துவதும் அது போன்றதே என்பது என் எண்ணம். உங்கள் கருத்தையும் எழுதுங்கள். சறுக்குத் தளத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோரின் பட்டறிவு மற்றவர்க்கும் பயன்படும்.