ரத்தக்குழாய் என்ன சாக்கடையாண்ணே?

"பைபாஸ் வேணாம், கத்தி வேணாம். முப்பது நாப்பது ட்ரிப்ஸ் ஏத்துனா இதய அடைப்பு கரைஞ்சிரும்!"

கீலேஷன் தெரபின்னு சொல்லி இப்படித்தான் விக்கிறாய்ங்க. படிச்ச நம்மாளுகளே ஆமாம் போடுறதைப் பார்த்து வந்த கடுப்புல எழுதுறேன் மக்களே.

மொதல்ல ஒண்ணு. கீலேஷன் நிஜமான வைத்தியம். கிரேக்கத்துல நண்டுக் கொடுக்குக்கான சொல்லுலேர்ந்து வந்த பேரு. உடம்புல சேர்ந்த ஈயம் மாதிரி உலோகத்தை மருந்து கவ்விப் பிடிச்சு வெளியேத்தும். அடிக்கடி ரத்தம் ஏத்திக்கிற தலசீமியா குழந்தைகளுக்கு மிஞ்சின இரும்பை எடுக்குறதும், வில்சன் நோய்ல தாமிரத்தை எடுக்குறதும் இதே வழிதான். அதுல சண்டையே இல்ல.

சண்டை இதயத்துக்குத்தான். அடைப்புல கால்சியம் இருக்கு, ஈ.டி.டி.ஏ. மருந்து அதை உருவிடும்னு கதை. ஆனையூர்ல மழை பெஞ்சு சாக்கடை அடைச்சா கம்பியை விட்டுக் குத்துனாப் போதும். ரத்தக்குழாய் அப்படியாண்ணே? அடைப்பு குழாய்ச் சுவருக்குள்ள வளருது. கொழுப்பு, நார், செல்லுன்னு கலந்துகட்டிக் கெடக்கு. கால்சியம் அதுல ஒரு பங்குதான்.

"அமெரிக்காவுல நிரூபிச்சாச்சு"ம்பாய்ங்க. அரைக்கதை! ஏற்கெனவே ஹார்ட் அட்டாக் வந்த 1,708 பேரை வச்சு நடந்த ஆய்வு 2013ல வெளிவந்துச்சு. கொஞ்சம் பலன் தெரிஞ்சது, அதுவும் பெரும்பாலும் சர்க்கரைக்காரங்களுக்கு. சரின்னு சர்க்கரைக்காரங்களை மட்டும் வச்சு மறுபடி செஞ்சாங்க. 2024ல முடிவு வந்துச்சு. மருந்து ஏத்துனவங்கள்ல 35.6 சதவீதம் பேருக்கும், டம்மி ட்ரிப்ஸ் ஏத்துனவங்கள்ல 35.7 சதவீதம் பேருக்கும் மறுபடி அட்டாக், பக்கவாதம், சாவுன்னு ஏதாவது வந்துச்சு. ரத்தத்துல ஈயம் 61 சதவீதம் எறங்குச்சு. ஆபத்து எறங்கல. இந்த ரெண்டாவது பாதியை மட்டும் எந்த நோட்டீஸும் சொல்லாது :-)

"பக்கவிளைவே இல்ல"ங்கிறது அடுத்த புளுகு. கால்சியம் சேர்க்காத ஈ.டி.டி.ஏ. ரத்தத்துல இருக்குற கால்சியத்தையே தடாலுன்னு எறக்கிடும், இதயம் நின்னு போகலாம். 2003லேர்ந்து 2005க்குள்ள அமெரிக்காவுல இப்படி மூணு பேர் செத்தாங்க. ரெண்டு பேர் குழந்தைங்க. அதுல ஒண்ணு ஆட்டிசம் குணமாகும்னு கூட்டிட்டுப் போன அஞ்சு வயசுப் பையன்.

"எங்க மாமா ட்ரிப்ஸ் ஏத்தி நல்லாத்தானய்யா இருக்காரு?"ன்னு சண்டைக்கு வர்றவங்களுக்கு: மாமா பீடியை விட்டாரா? மாத்திரையை ஒழுங்காப் போடுறாரா? நடக்குறாரா? அதுக்கெல்லாம் சேர்த்து ட்ரிப்ஸ் பாட்டிலுக்கு மாலை போடாதீங்க.

காசு போனாக்கூட சம்பாதிச்சிரலாம். வாரம் ஒண்ணா நாப்பது பாட்டில்னா ஒம்பது மாசத்துக்கு மேல! நெஞ்சுவலிக்காரரோட அந்த ஒம்பது மாசத்தை யாரு திருப்பித் தருவா? பெரிய ஆஸ்பத்திரி பில்லுக்குப் பயந்துதான் ஜனம் அங்க ஓடுதுன்னு எனக்கும் தெரியும். அந்தப் பயம் நியாயம். அந்தப் பயத்தை வச்சுக் கல்லா கட்டுறதுதான் அநியாயம். கோரிப்பாளையத்துல நம்ம பெரியாஸ்பத்திரி இருக்கு. முதல்வர் காப்பீட்டு அட்டையும் இருக்கு. மொதல்ல அங்க போங்க.

டிஸ்கி: எல்லா அடைப்புக்கும் பைபாஸ் வேணும்னு நான் சொல்லல. பலருக்கு மாத்திரையே போதும். சந்தேகம்னா இன்னொரு இதய டாக்டரைக் கேளுங்க, நோட்டீஸைக் கேக்காதீங்க.