மரம் நடுதல் காடு மீட்டல் ஆகாது!

வடபுல மொழிகள் சிலவற்றில் ‘நீலகிரி’ என்னுஞ் சொல் ஒரு மலையை மட்டும் குறிப்பதன்று. ஆத்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பெற்ற தைலமரத்தையும் குறிக்கின்றது. வந்தேறிய மரம், தான் வேரூன்றிய மலையின் பெயரையே பறித்துக்கொண்டது! அதேவேளையில், அம்மலையின் மடிப்புகளில் பனிக்கும் காற்றுக்கும் ஒதுங்கி வளரும் காட்டினை உலக அறிவியலார் இன்றும் ‘சோலை’ என்னுந் தமிழ்ச்சொல்லாலேயே வழங்குகின்றனர். சொல் நூல்களில் வாழ்கின்றது. பொருளோ மண்ணில் மாய்கின்றது. இதனினும் பெரிய இழிவு தமிழர்க்கு வேறுண்டோ?

நீலமலையின் உயர்தளம் முழுதும் மரம் செறிந்திருந்த காலம் என்று எண்ணுவது பிழை. பள்ளங்களிற் சோலை, மேடுகளிற் புல்வெளி. இவ்விரண்டும் இணைந்ததே அம்மலையின் இயற்கை. இவ்வமைப்புப் பல்லாயிரம் ஆண்டுப் பழமையுடையது என்பதைச் சதுப்புநிலப் படிவுகளை ஆராய்ந்தோர் நிறுவியுள்ளனர்.

ஆனால், வெள்ளையனின் கண்ணுக்குப் புல்வெளி வெற்றுநிலமாகவே பட்டது. 19ஆம் நூற்றாண்டில் விறகுக்காகத் தைலமரத்தையும் சீகைமரத்தையும் அங்கே நட்டான். அவன் போனான், அவன் பார்வை போகவில்லை! விடுதலைக்குப் பின், தோல் பதனிடும் பட்டைக்காகவும் ஆலைகளின் மரக்கூழுக்காகவும் அரசே புல்வெளிகளை அயல்மரத் தோப்புகளாக்கிற்று. 1973 முதல் 2017 வரை எடுக்கப்பெற்ற செயற்கைக்கோட் படங்களை ஒப்பிட்ட ஆய்வு, மேற்குத்தொடர்ச்சி மலையின் உயர்மலைப் புல்வெளிகளில் ஏறத்தாழ 340 சதுரக் கிலோமீட்டர் அயல்மரங்களுக்கு இரையானதைக் காட்டுகின்றது.

இழப்பு புல்லோடு நிற்பதா? தைலமரத் தோப்பு ஓடைநீரைக் குறைக்கின்றது என்பது நீலமலையிலேயே அளந்தறியப்பட்ட உண்மை. பவானிக்கும் மோயாற்றுக்கும் நீரூட்டும் மலையில் ஊற்று வற்றினால், சமவெளி உழவனின் வயிறன்றோ காயும்? மாநில விலங்கு என்று பெருமை பேசப்பெறும் வரையாடு, 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 மட்டுமே. அது மேய்வது புல், தைலமரத் தழையன்று. பன்னீராண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சிக்கும் திறந்த மலைச்சரிவே தாய்மடி.

‘மரம் மிகுந்தால் கரிவளி குறையும், ஞாலம் குளிரும்’ என்பர் சிலர். எங்கு, எம்மரம் என்று அவர்கள் கேட்பதில்லை. புல்வெளி தன் கரியைப் பெரிதும் மண்ணுக்குள்ளே சேமிக்கின்றது. மேலே தீப்பற்றினும் அச்சேமிப்பின் பெரும்பகுதி நிலைக்கும். தோப்பு எரிந்தால் தண்டில் திரண்ட கரி மீண்டும் வானேறும். ஆலைப்புகையைக் குறைக்காமல் கன்றுகளின் எண்ணிக்கையைக் காட்டுவது கடனை அடைக்காமல் கணக்கேட்டை அழகுபடுத்துவதே.

2022இல் தொடங்கப்பெற்ற பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் காடு, மரப்பரப்பை 33 விழுக்காடாக உயர்த்த முனைகின்றது. நோக்கம் நன்றே. ஆயினும் மரத்தை மட்டும் எண்ணும் கணக்கில் புல்வெளி மறுபடியும் சுழியமாகும். வெள்ளையன் செய்த பிழை தமிழன் கையாலேயே தொடரும்.

மீட்பு எளிதன்று. சீகைவிதை மண்ணுக்குள் பல்லாண்டு உறங்கும். ஒருமுறை வெட்டினால் ஓராயிரமாய் முளைக்கும். ஆதலால் வெட்டியபின்னும் ஆண்டுதோறும் களையெடுக்க வேண்டும். மண்ணுக்குரிய புல்வகைகளை நாற்றங்காலில் வளர்த்து நட வேண்டும். பழந்தோப்பின் நிழலில் சோலைக்கன்று தானே எழுந்துள்ள இடங்களில் கோடரியை அடக்கி ஆளவேண்டும். தம் கோயிற்கூரைக்குரிய புல்லையும் எருமைக்குரிய மேய்ச்சலையும் தலைமுறை தலைமுறையாய் அறிந்த தோடரை ஓரங்கட்டிவிட்டு இப்பணி நிறைவேறாது.

இடமறியாது நடுவோன் காடு வளர்ப்போன் அல்லன். நீலமலைக்கு வேண்டுவது இன்னுமொரு நடுவிழாவன்று; பறிபோன புல்லும் சோலையும்! அவை மீண்டால் நீர் மீளும், வரையாடு மீளும், ‘சோலை’ என்னுஞ் சொல்லுக்கும் அதன் பொருள் மீளும்!