காரின் திரை யாருக்குச் சொந்தம்?

2023 மார்ச்சில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம், இனிவரும் தனது புதிய மின்சாரக் கார்களில் அப்பிள் கார்பிளேயும் அன்ட்ரொய்ட் ஓட்டோவும் இருக்காது என அறிவித்தது. பெற்றோல் கார்களிலும் காலப்போக்கில் இவை நீக்கப்படும் என்பதை 2025 ஒக்டோபரில் அதன் தலைவி மேரி பாரா உறுதிப்படுத்தினார்.

கார்பிளே போன்றவற்றில் கார்த் திரை வெறும் கண்ணாடிதான். வரைபடமும் அழைப்பும் பாட்டும் கைபேசியிலேயே இயங்குகின்றன. கைபேசியைப் புதுப்பித்தால் திரையில் தெரிவதும் புதிதாகும். காருக்குள்ளேயே பொருத்தப்பட்ட மென்பொருளுக்கோ இற்றைப்படுத்தல் முதல் இணைய இணைப்பு வரை உற்பத்தியாளரின் தயவு வேண்டும். 2022 இல் அமெரிக்காவில் 3ஜி வலையமைப்புகள் மூடப்பட்டபோது, பல பழைய கார்களின் இணைய வசதிகள் அப்படியே நின்றுபோயின.

நிறுவனம் சொல்லும் காரணங்களைப் புறந்தள்ள முடியாது. பற்றரியின் இருப்பறிந்து பாதை காட்டுவது உள்ளக மென்பொருளுக்கு இலகு. கைபேசி இணைப்பு அறுந்தால் ஓட்டுநர் அதைக் கையில் எடுப்பார் என்ற அச்சமும் உண்டு. ஆனால், 2030 இல் மென்பொருள் மற்றும் சேவைகளால் ஆண்டுக்கு 20 முதல் 25 பில்லியன் டொலர் வருமானம் பெறுவதே இலக்கு என்று 2021 இல் சொன்னதும் இதே நிறுவனம்தான்.

பணத்தைவிடப் பாரதூரமானது தரவு. ஓட்டுநர்களின் இருப்பிடத்தை 3 செக்கன்களுக்கு ஒருமுறை வரை பதிவுசெய்து, உரிய சம்மதமின்றி விற்றதாக அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு 2025 ஜனவரியில் இந்நிறுவனம் மீது குற்றஞ்சாட்டியது. அத்தரவு காப்புறுதிக் கட்டணங்களைத் தீர்மானிக்கவும் பயன்பட்டது. அதை நுகர்வோர் அறிக்கை நிறுவனங்களுக்கு வழங்க 5 ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது.

கார்பிளே இருந்தால் இது நடக்காது என்பதல்ல. காரின் சொந்த இணைப்பு அப்போதும் வேலை செய்யும். கைபேசியும் நம்மைக் கண்காணிக்கிறது. ஆனால் கைபேசியை அணைக்கலாம், வீட்டில் விட்டுப் போகலாம். காருக்குள் இருக்கும் சிம்மை என்ன செய்வது?

இலங்கையில் 2020 இல் வந்த இறக்குமதித் தடை 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் நீங்கியது. ஜப்பானிய மொழித் திரையோடு வரும் பழைய கார்களில் அதைக் கழற்றி வேறொன்றைப் பூட்டுவது நமக்குப் பழக்கமானது. குளிரூட்டி முதல் எல்லாமே திரைக்குள் அடங்கிய புதிய மின்சாரக் கார்களில் அது இலகுவல்ல. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 இல் நிறைவேறியும், 2025 மார்ச்சில் அமுலுக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன.

எங்கே போனாய், யாரைச் சந்தித்தாய் என்ற கேள்விகளுக்குச் சோதனைச்சாவடிகளில் பதில் சொல்லிய சமூகம் நாங்கள். இருப்பிடப் பதிவு பிறர் கையில் இருப்பதன் பொருளை எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. கார் வாங்கும்போது எரிபொருள் செலவைக் கேட்பதுபோல, தரவு எங்கே போகிறது, அதை நிறுத்த வழியுண்டா என்றும் கேட்போம். விற்கும்போதும் வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும்போதும், புளூடூத் வழியே அதில் பதிவான தொடர்பிலக்கங்களை அழித்துவிடுவோம். அந்தப் பட்டியலில் இருப்பவை எமது பெயர்கள் மட்டுமல்ல.