நிறமாலை சொல்வது ஊகமல்ல

சிறுகோளிலிருந்து கல்லை எடுத்துவந்து ஆய்வகத்தில் பார்த்தால்தான் அது எதனால் ஆனது என்று தெரியும், தொலைநோக்கியில் நிறமாலை எடுத்துச் சொல்வதெல்லாம் ஊகம் என்று பலர் பேசுகிறார்கள். இதை ஏற்க முடியாது.

வந்து சேர்வது வெறும் சூரிய வெளிச்சம்தானே என்கிறார்கள். கல்லில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் சில அலைநீளங்களில் குறைந்து வருகிறது. பைராக்சீனில் உள்ள இரும்பு 0.9, 2 மைக்ரான் அருகே ஒளியை விழுங்குகிறது. இதனால் நிறமாலையில் உண்டாகும் பள்ளம் எங்கே விழும் என்பதைக் கனிமத்தின் படிக அமைப்புதான் தீர்மானிக்கிறது. பார்ப்பவரின் கற்பனைக்கு அங்கே வேலையில்லை. 1970இல் மெக்கார்டும் உடன் ஆய்ந்தவர்களும் வெஸ்டா சிறுகோளின் நிறமாலை பசால்ட் வகை விண்கற்களை ஒத்திருப்பதாகச் சொன்னார்கள். 2011இல் வெஸ்டாவை அடைந்த டான் விண்கலம் அங்குள்ள தனிமங்களை அளந்தது. முடிவு மாறவில்லை.

வலுவான வாதம் அடுத்ததுதான். சூரியக் காற்றும் நுண்கற்களும் மேற்பரப்பை மாற்றிவிடுகின்றன, நாம் பார்ப்பது மேல்தோலை மட்டுமே என்பது அது. உண்மைதான். பூமியில் மிகுதியாக விழும் சாதாரண காண்ட்ரைட் விண்கற்களோடு எஸ் வகைச் சிறுகோள்களின் நிறம் பொருந்தாமல் ஆய்வாளர்கள் பல்லாண்டுகள் திணறினார்கள். ஆனால் அந்த மாற்றம் நிறமாலையைச் சிவப்புப் பக்கம் சாய்க்கிறது, பள்ளத்தின் ஆழத்தைக் குறைக்கிறது. அதன் இடத்தைப் பெரிதாக நகர்த்துவதில்லை. இதைக் கணக்கில் கொண்டுதான் 2001இல் பின்செல் குழு, இடோகாவா என்ற எஸ் வகைச் சிறுகோள் சாதாரண காண்ட்ரைட்களில் எல்எல் எனும் உட்பிரிவைச் சேர்ந்தது என்று எழுதியது. 2010இல் ஹயபுசா விண்கலம் அங்கிருந்து கொண்டுவந்த துகள்கள் 1,500க்கும் மேல். அவை எல்எல் வகையே. நிறத்தை மாற்றிய நுண்ணிரும்புத் துகள்களும் அவற்றின் மேல் இருந்தன. கல் கைக்கு வருமுன்பே, தவறென்று காட்டிவிடக்கூடிய விதத்தில், அச்சில் வந்த கணிப்பு இது. இதை ஊகம் என்பது அநியாயம்.

ரியுகு சிறுகோளில் கணிப்பு சறுக்கியது என்பார்கள். சறுக்கியதுதான். நீரைக் காட்டும் 2.7 மைக்ரான் பள்ளம் ஆழமில்லாததால், சூடாகி நீரிழந்த கல்லாக இருக்கலாம் என்று கருதினார்கள். 2020இல் வந்த 5.4 கிராம் மாதிரியில் நீர் கலந்த களிமண் கனிமங்கள் நிறைந்திருந்தன. நீரிழந்தது மேலே உள்ள மெல்லிய படலம் மட்டுமே. நீரின் அளவைப் பொறுத்தவரை மேல்தோல் வாதத்தை ஏற்கிறேன். ஆனாலும் அது கரிமம் நிறைந்த கருங்கல் என்ற கணிப்பு தவறவில்லை. இன்னொரு வரம்பும் உண்டு: சைக்கி போன்ற எம் வகைச் சிறுகோள்களில் பள்ளங்கள் மிக மங்கல். அங்கே ஒளியை மட்டும் நம்பக் கூடாது.

அறியப்பட்ட சிறுகோள்கள் பத்து லட்சத்துக்கும் மேல். 2023 வரை மாதிரி வந்தது மூன்றிலிருந்து மட்டுமே. அவற்றில் ஒன்றான பென்னுவை ஒசைரிஸ்-ரெக்ஸ் பயணத்துக்குத் தேர்ந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், அது கரிமம் மிகுந்தது என்று அதன் நிறமாலை காட்டியதுதான்.