எண்ணூர் பிள்ளைங்க ஜன்னலைத் திறந்தா என்ன தெரியுது?



2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை. கோல்ஃப் விதிமுறையே தெரியாத நாம எல்லோரும் காலையிலேயே டிவி முன்னால உட்கார்ந்தது ஞாபகம் இருக்கா? டோக்கியோ ஒலிம்பிக்கில் அதிதி அசோக் நான்காவது இடம் பிடித்தார். உலகத் தரவரிசையில் அப்போது அவருக்கு இடம் 200. வெண்கலத்துக்கும் அவருக்கும் நடுவே ஒரே ஒரு ஷாட்! மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தவர் அவருடைய அம்மா.

18 வயதில் ரியோ ஒலிம்பிக். அதே 2016-ல் ஐரோப்பிய மகளிர் டூரில் பட்டம் வென்ற முதல் இந்தியர். 2024-ல் பாரிஸ், மூன்றாவது ஒலிம்பிக். இந்தப் பயணம் தொடங்கியது எங்கே தெரியுமா? பெங்களூரில் குடும்பத்தோடு சாப்பிடப் போன ஒரு ஹோட்டலில். அங்கிருந்து பார்த்தால் கர்நாடக கோல்ஃப் சங்க மைதானம் தெரியும். ஐந்து வயதுக் குழந்தை பார்த்தது, ஆசைப்பட்டது, உள்ளே போனது.

அதே மைதானத்தில் இன்னொருவரும் இருந்தார். சின்னசாமி முனியப்பா. பணக்காரர்களின் மட்டைப் பையைத் தூக்கும் கேடி வேலைக்கு வந்தவர். வேலைக்கு நடுவே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு, 2009-ல் இந்தியன் ஓப்பன் பட்டத்தையே வென்றார்.

ஒருவர் சாப்பிட வந்த வீட்டுப் பிள்ளை, ஒருவர் கூலிக்கு வந்த பிள்ளை. ரெண்டு பேர் கண்ணு முன்னாலயும் ஒரு மைதானம் இருந்துச்சு. அதுதான் விஷயம்.

இப்ப நம்ம எண்ணூருக்கு வருவோம். நம்ம பிள்ளை ஜன்னலைத் திறந்தா அனல்மின் நிலையப் புகைபோக்கி, கன்டெய்னர் லாரி வரிசை, சாம்பல் படிந்த கொசஸ்தலை ஆறு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் கழிமுகம் முழுக்க எண்ணெய். அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

திறமைக்குக் குறைச்சலா? 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, வடசென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள். ஆனா யோசிச்சுப் பாருங்க. 18 குழி கோல்ஃப் மைதானத்துக்கு நூறு ஏக்கர் வேணும். கேரம் போர்டுக்கு 29 அங்குலம் போதும். நமக்குக் கிடைச்ச இடம் அவ்வளவுதான், அதிலயும் ஜெயிச்சுக் காட்டினோம்!

"கோல்ஃப் பணக்காரன் ஆட்டம், நமக்கெதுக்கு?" என்று கேட்கலாம். கோல்ஃபின் தாய்வீடான ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானம் பொதுமக்கள் நிலம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது, ஊர் ஜனம் நாயைக் கூட்டிக்கொண்டு அதன் மேல் நடக்கிறது. நிலம் பொதுவாக இருந்தால் எந்த ஆட்டமும் நம்ம ஆட்டம்தான்.

நாம் கோல்ஃப் மைதானம் கேட்கவில்லை. ஓட, பந்து உதைக்க, பெண் பிள்ளைகள் பயமில்லாமல் ஆட, விளக்கும் பயிற்சியாளரும் உள்ள முழு அளவுப் பொது மைதானம் கேட்கிறோம். பணம் எங்கே என்று கேட்பவர்களுக்குப் பதில் 2013 கம்பெனிகள் சட்டத்திலேயே இருக்கு. பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும், விளையாட்டுப் பயிற்சியும் அந்தப் பட்டியலில் உண்டு. புகை எண்ணூருக்குன்னா, அந்த 2 சதவீதமும் எண்ணூருக்கே வரட்டும்!

பகிருங்கள் தோழர்களே. உங்க தெருப் பிள்ளைங்க எங்கே விளையாடுறாங்கன்னு ஒரு படம் எடுத்து கமெண்ட்ல போடுங்க. மனுவோடு சேர்த்துக் கொடுப்போம்.

#எண்ணூருக்கு_மைதானம்_வேண்டும்
#வடசென்னை