உண்மைப் பிரதி

ஒஸ்லோவில் வங்கிக் கணக்கொன்று திறப்பதற்காக ஒரு முற்பகல் முழுவதையும் செலவிட்ட அனுபவம் எனக்குண்டு. மேசைக்கு அப்பால் இருந்த பெண்மணி மரியாதைக் குறைவாக எதுவும் பேசவில்லை. ஆவணங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இப்பிரதிகளை உங்கள் நாட்டுத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்திக்கொண்டு வாருங்கள்" என்றார். எந்த அரசுக்கு அஞ்சி ஓடிவந்தேனோ, அதே அரசின் முத்திரையைப் பெற்றுவரச் சொல்கிறோம் என்பதை அவர் உணரவில்லை.

ஊரில் பல்கலைக்கழக விரிவுரையாளனாக இருந்த காலத்தில், எத்தனையோ மாணவரின் சான்றிதழ்களில் 'உண்மைப் பிரதி' எனக் கையொப்பமிட்டவன் நான். நானில்லையேல் கிராம சேவகரோ, சமாதான நீதவானோ, பாடசாலை அதிபரோ இருந்தார். இங்கு நம்மை அறிந்தவர் எவருமிலர். 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு ஓரிரவில் புறப்பட்டோருள் எத்தனை பேர் பிறப்புச் சான்றிதழை எடுத்துவந்தனர்? கொண்டுவந்தோருக்கும் வேறு சிக்கல். தந்தை பெயரே முன்னிற்கும் நம் வழக்கம், குடும்பப் பெயர் கேட்கும் படிவத்தில் பொருந்துவதில்லை. ஒரே மனிதன் மூன்று ஆவணங்களில் மூன்று எழுத்துக்கூட்டலில் நிற்கிறான்.

இது சில்லறைத் தொல்லையன்று. நோர்வேயில் சம்பளம் வங்கி வழியாகவே வழங்கப்படுவது பொது விதி. கணக்கு இல்லையேல் பாங்ஐடி என்னும் மின்னடையாளம் இல்லை. அதுவின்றி அரச அலுவல் பலவற்றுக்கு இணையவாசல் திறவாது. வேலை கிடைத்தும் ஊதியத்தை இன்னொருவர் கணக்கில் வாங்கிக்கொள்ளும் அவலம் இவ்வாறே பிறக்கிறது.

வங்கியின் கடமையை நாம் மறுக்கவில்லை. வாடிக்கையாளரின் அடையாளத்தை உறுதிசெய்யுமாறு 2018ஆம் ஆண்டின் பணச்சலவைத் தடுப்புச் சட்டம் பணிக்கிறது. ஆயின் பெறவியலாத அத்தாட்சியைக் கேட்பது சோதனையாகாது, கதவடைப்பே ஆகும். 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தின் 25ஆம் உறுப்புரை இதனை முன்னரே எண்ணிப் பார்த்துள்ளது. தன் நாட்டு அதிகாரிகளை நாடவியலாத அகதிக்கு, வழமையாக அவர்கள் வழங்கும் ஆவணங்களையும் அத்தாட்சிகளையும் புகலிட நாடே வழங்கவேண்டும். பிழையென நிறுவப்படும்வரை அவை ஏற்கப்படவும் வேண்டும். நோர்வே இச்சமவாயத்தை 1953இல் உறுதிப்படுத்தியது.

நாடற்ற ரஷ்ய அகதிகளுக்கு 1922இல் பயணப் பத்திரம் உருவாக்கித் தந்த நான்சென் இம்மண்ணின் மைந்தர். ஒரு தாளினால் மனிதனுக்கு மீண்டும் பெயர் கொடுக்கலாமென உலகுக்குக் காட்டிய நாட்டிடம் அதனை நினைவூட்டுவது நன்றிகேடாகாது.

நம் பக்கத்துக் கடமையும் உண்டு. தகுந்த காரணமின்றி வைப்புக் கணக்கை மறுத்தல் ஆகாதென 1999ஆம் ஆண்டின் நிதி ஒப்பந்தச் சட்டம் கூறியது. 2023இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அவ்வாறே கூறுகிறது. எனவே "இல்லை" என்ற சொல்லோடு வீடு திரும்பாதீர்கள். மறுப்பையும் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். நிதி முறைப்பாட்டுச் சபையான பினான்ஸ்க்லாகெநெம்தாவுக்கு எழுதுங்கள். எல்லா விண்ணப்பங்களிலும் பெயரை ஒரே விதமாக எழுதுங்கள். மொழியறிந்த பிள்ளைகள் மூத்தோருடன் கூடச் செல்லுங்கள்.

ஆவணம் எரிந்துபோகலாம். அதற்குரிய மனிதன் உயிரோடு மேசைமுன் நிற்கிறான். அவனே மூலம், கையிலிருப்பது பிரதி மட்டுமே.